கிரீஸ் கன்னைத் தொடும் முன்: மைனஸ் 40-இல் பேரிங் தகராறுகள்

தூத்துக்குடி பக்கம் இறாலும் கணவாயும் உறைய வைக்கும் ஆலைகளில், ஒரு பஃப் பேனல் (ஃபோம் அடைத்த பலகை) சுவருக்கு இந்தப் பக்கம் 35 டிகிரி வெயிலும் கடல் காற்றின் ஈரமும். அந்தப் பக்கம் பிளாஸ்ட் ஃப்ரீசர், மைனஸ் 35 முதல் மைனஸ் 40 வரை. உள்ளே இருக்கும் ஃபேன் மோட்டார், கன்வேயர் பெல்ட்டின் பில்லோ பிளாக் (ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கூடு), ட்ராலிச் சக்கரம் எல்லாவற்றிலும் பேரிங் உண்டு. டிஃப்ராஸ்ட் (படிந்த பனியை உருக்குவது), கழுவல், கதவு திறப்பு என்று தினமும் அது சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே போய் வருகிறது. ஏதாவது சத்தம் கேட்டால் உடனே கிரீஸ் கன்னை எடுத்து நாலு தடவை அடிப்பது பல இடங்களில் வழக்கம். வெளியே பம்ப் ரூமில் அதனால் பெரிய கெடுதல் வராது. ஃப்ரீசருக்குள் வரும். ஏற்கெனவே கெட்டிப்பட்ட கிரீஸோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் மோட்டாருக்குச் சுமைதான் கூடும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அதுவும் அங்கேயே அடைபட்டுக்கொள்ளும்.

அதனால் இதை அறிகுறிப்படி எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் முதலில் நேரத்தைக் கேளுங்கள். ஸ்டார்ட் செய்த நொடியிலா, ஓடி அரை மணி ஆன பிறகா, டிஃப்ராஸ்ட் முடிந்த கையோடா, கழுவி விட்ட மறுநாள் காலையிலா? குளிரில் வரும் ஒவ்வொரு கோளாறும் தனக்கென்று ஒரு நேரத்தில்தான் தலைகாட்டும். லாக் புக்கில் ‘ஃபேன் 3 சத்தம்’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘ஃபேன் 3, டிஃப்ராஸ்ட்டுக்குப் பின் ஸ்டார்ட், கீச் சத்தம், 10 நிமிடத்தில் நின்றது’ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே போகும் முன் ஐசோலேட்டரை (சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஃப்ராஸ்ட் டைமர் யாரையும் கேட்காமல் ஃபேனை ஸ்டார்ட் செய்யும். தனியாகப் போகாதீர்கள். கதவின் உள்பக்க ரிலீஸ் வேலை செய்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள். இறுகிய பேரிங்கை இளக்க கேஸ் டார்ச்சோடு உள்ளே போகவே கூடாது. பஃப் பேனல் எரியும் பொருள். பிடித்தால் முழு அறையும் போகும். பேரிங்குக்குள் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றுவதும் வேண்டாம். கிரீஸைக் கரைத்து வெளியே ஒழுகவிடும், வாடை சரக்கில் ஏறும்.

குளிரில் கிரீஸுக்கு என்ன ஆகிறது

கிரீஸில் பெரும் பகுதி எண்ணெய்தான், பொதுவாக 70 முதல் 95 சதவீதம். மீதியில் முக்கியமானது சோப்பு. அது பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதுபோல எண்ணெயைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டுகளுக்கும் ரேஸுக்கும் (குண்டுகள் உருளும் வளையத் தடம்) விடுகிறது. பேரிங்கைக் காப்பாற்றுவது அந்தக் கசிவுதான். குளிரில் எண்ணெய் தடிக்கிறது. சாதாரண மினரல் எண்ணெயில் மெழுகு உண்டு. அது படிகமாகி எண்ணெயை ஓடவிடாமல் கட்டிப்போடும். கசிவு நின்றுவிடும். குண்டுகள் கெட்டிக் கிரீஸை இருபுறமும் ஒதுக்கிவிட்டு நடுவே ஒரு வழியை உழுதுகொண்டு ஓடும்; ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது. பிரித்துப் பார்த்தால் பேரிங் நிறைய கிரீஸ் இருக்கும், ரேஸ் மட்டும் காய்ந்திருக்கும். ‘கிரீஸ் இருந்தும் பேரிங் போச்சே’ என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது.

ஸ்டார்ட் செய்ததும் ஓவர்லோட் டிரிப் ஆகிறது

அதிகம் வரும் புகார் இது: கரண்ட் அளவு மீறியதும் ஓவர்லோட் ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். தவறான முடிவுக்குப் போவதும் இதில்தான் அதிகம். பேரிங்கைச் சந்தேகிக்கும் முன் மூன்று விஷயங்களை விலக்கிவிடுங்கள்.

முதலாவது ஐஸ். பிளேடு நுனிக்கும் ஃபேன் ரிங்குக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளிதான் இருக்கும். டிஃப்ராஸ்ட்டில் உருகிய நீர் சரியாக வடியாமல் அங்கே உறைந்தால் பிளேடு மாட்டிக்கொள்ளும். டார்ச் லைட் அடித்து ரிங்கைச் சுற்றிலும் பாருங்கள். ரிங் ஹீட்டர் இருந்தால் அது கரண்ட் எடுக்கிறதா என்று டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது பின்சுழற்சி. ஒரே கூலரில் (குளிர்க் காயிலும் ஃபேன்களும் சேர்ந்த பெட்டி) நாலு ஃபேன் இருந்து மூன்று ஓடிக்கொண்டிருந்தால், நின்ற நாலாவதின் வழியாகக் காற்று திரும்பிப் புகுந்து அதை எதிர்த்திசையில் சுற்றவைக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் முதலில் அதை நிறுத்தி, பிறகு சரியான திசையில் வேகம் பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டிங் கரண்ட் நீண்ட நேரம் நிற்கும், ரிலே விழும். நாலையும் நிறுத்தி, எல்லாம் நின்றதும் வரிசையாக ஸ்டார்ட் செய்து பாருங்கள். இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது: மற்றவை ஓடும்போது நின்ற ஃபேன் பின்னோக்கிச் சுற்றவே இல்லை என்றால், அது எங்கோ இறுகியிருக்கிறது.

மூன்றாவது காற்றின் கனம். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. 30 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 40-இல் காற்று ஏறக்குறைய 30 சதவீதம் கனம். ஃபேன் தள்ளுவது கன அளவு மாறாத காற்றை; அதனால் அது கேட்கும் பவரும் அதே அளவு கூடும். ஆம்ப்ஸ் அந்த விகிதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும், ஏனென்றால் மோட்டாரின் மேக்னடைசிங் கரண்ட் (காந்தப்புலம் உண்டாக்க எடுப்பது) மாறுவதில்லை. வொர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்த ஆம்ப்ஸை வைத்து ரிலே செட் செய்திருந்தால் ஃப்ரீசர் குளிர்ந்ததும் டிரிப் ஆகத்தான் செய்யும். பேரிங் மேல் பழி போடாதீர்கள்.

இந்த மூன்றாவதையும் கெட்டிக் கிரீஸையும் பிரித்தறிய டாங் டெஸ்டரும் கைக்கடிகாரமும் போதும். காற்றின் கனத்தால் வரும் ஆம்ப்ஸ், அறை குளிரக் குளிர மெதுவாக ஏறும். கெட்டிக் கிரீஸால் வரும் ஆம்ப்ஸ் ஸ்டார்ட்டில் அதிகமாக இருந்து, பேரிங் சூடேற ஏற இறங்கும். ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங், அரை மணி நேரம் எழுதினால் தெரிந்துவிடும்.

சரி, மூன்றும் இல்லை என்றால் பேரிங்குக்கு வருவோம். சப்ளை பூட்டியிருக்கும்போது, கையுறையோடு பிளேடைப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தால் பிளேடு நகரும், ஆனால் கையை எடுத்த இடத்திலேயே நின்றுவிடும். கரகரப்பு எதுவும் தெரியாது. உள்ளே தண்ணீர் உறைந்திருந்தால் முதலில் அசையவே அசையாது. கொஞ்சம் விசை கொடுத்ததும் ‘டக்’கென்று விட்டு, அப்புறம் இலகுவாகச் சுற்றும். குண்டோ ரேஸோ அடி வாங்கியிருந்தால் சுற்றும்போது கையில் நறநறவென்று உணர்வீர்கள். இந்த மூன்று உணர்வையும் கை பழகிக்கொண்டால் பேரிங்கைக் கழற்றாமலேயே நோய் தெரியும்.

கெட்டிக் கிரீஸ் என்று உறுதியானால் அன்றைக்குச் செய்யக்கூடியது: அந்தக் கூலரை ஒருமுறை டிஃப்ராஸ்ட்டில் போட்டுச் சூடேற்றி, கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் 10 ஹெர்ட்ஸில் சில நிமிடம் ஓடவிட்டு மெல்ல ஏற்றுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்டாரில் மோட்டாருக்குக் கிடைப்பது நேரடி ஸ்டார்ட் டார்க்கில் (சுற்று விசையில்) மூன்றில் ஒரு பங்குதான். வெளியே தாராளமாகப் போதும் அந்த விசை, கெட்டிக் கிரீஸை உடைக்கப் போதாமல் போகலாம். ஓவர்லோட் ரிலேயை நேம் பிளேட் ஆம்ப்ஸுக்கு மேல் திருப்பி வைப்பது தீர்வு ஆகாது. அடுத்து மோட்டாரின் வைண்டிங் (கம்பிச் சுற்று) போகும்.

நிரந்தரத் தீர்வு கிரீஸை மாற்றுவது. எதற்கு மாற்றுவது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்

நம் ஸ்டோர்களில் எளிதாகக் கிடைப்பது ஏ.பி. 3 கிரீஸ். லாரிச் சக்கரத்துக்கு நல்லது. ஃப்ரீசருக்குள் அதற்கு வேலையே இல்லை. அதற்குப் பதில் ‘2’ என்று போட்டதை வாங்கினால் இளக்கமாக இருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். அந்த 2, 3 எல்லாம் என்.எல்.ஜி.ஐ. எண், கிரீஸைப் பிசைந்து, 25 டிகிரியில் ஒரு கூம்பு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து கொடுப்பது. எண் 2 என்றால் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை. அறை வெப்பத்தில் எடுத்த அளவு அது. மைனஸ் 40-இல் நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரே எண் 2 போட்ட இரண்டு கிரீஸில் ஒன்று குளிரில் கல்லாகும், மற்றது இளகியே இருக்கும்.

வித்தியாசம் உள்ளே இருக்கும் எண்ணெயில். டேட்டா ஷீட்டில் ‘பேஸ் ஆயில்’ என்ற வரியைத் தேடுங்கள். மினரலா, பி.ஏ.ஓ. போன்ற சிந்தெடிக்கா (செயற்கையாகச் செய்தது), 40 டிகிரியில் விஸ்காசிட்டி (எண்ணெயின் தடிமன் அளவு) எவ்வளவு? பி.ஏ.ஓ.வில் மெழுகு கிடையாது. மெல்லிய வகைகள் மைனஸ் 60-க்குக் கீழேயும் ஓடும். ஒரு உதாரணம்: எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் பொது உபயோக எல்.ஜி.எம்.டி. 2 கிரீஸில் இருப்பது மினரல் எண்ணெய், விஸ்காசிட்டி 110, குறைந்த எல்லை மைனஸ் 30. அதே நிறுவனத்தின் குளிர் கிரீஸ் எல்.ஜி.எல்.டி. 2-இல் பி.ஏ.ஓ., விஸ்காசிட்டி 18, எல்லை மைனஸ் 50. இரண்டும் லித்தியம் சோப்பு, இரண்டும் எண் 2. வேறு கம்பெனி கிரீஸ் வாங்கினாலும் இதே இரண்டு வரிகளை ஒப்பிடுங்கள்.

ஜெர்மன் தரப்படி குறியீடு போட்ட டப்பா என்றால் வேலை இன்னும் எளிது. டி.ஐ.என். 51825 குறியீட்டின் கடைசியில் வரும் மைனஸ் எண்தான் குறைந்த வெப்ப எல்லை. ‘கே.பி.எச்.சி. 2 என் -40’ என்று இருந்தால் எச்.சி. என்பது சிந்தெடிக் ஹைட்ரோகார்பன் எண்ணெய், 2 என்பது என்.எல்.ஜி.ஐ., என் என்பது 140 டிகிரி வரையான மேல் எல்லை, -40 கீழ் எல்லை. கீழ் எல்லை உங்கள் அறையின் வெப்பத்தைவிடக் குறைந்தது 10 டிகிரியாவது கீழே இருக்கட்டும். எல்லையிலேயே ஓட்டுவது நல்லதல்ல.

டேட்டா ஷீட்டில் குறைந்த வெப்ப டார்க் என்று இரண்டு எண் இருக்கும், ஸ்டார்ட்டிங் ஒன்று, ரன்னிங் ஒன்று. எந்த வெப்பத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மைனஸ் 20-இல் எடுத்த நல்ல எண் நமக்கு உதவாது. விற்பனையாளர் டிராப் பாயின்ட் 180, 250 என்று பெருமையாகக் காட்டுவார். அது சூட்டுப் பக்கத்து எல்லை. கண்டுகொள்ள வேண்டாம்.

மீனுக்கு மேலேயோ பக்கத்திலோ இருக்கும் பேரிங்குக்கு எச்1 வகை, அதாவது தவறி உணவில் பட்டாலும் அனுமதி உள்ள கிரீஸ்தான் போட வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. எச்1 என்று இருப்பதாலேயே அது குளிருக்கு ஆகும் என்று பொருளில்லை. கீழ் எல்லை மைனஸ் 20, மைனஸ் 25 மட்டுமே உள்ள ஃபுட் கிரேடு கிரீஸ்கள் நிறைய. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே நிறைவேற வேண்டும்.

எண்ணெய் மெலிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மெல்லிய எண்ணெய் வேகமாகச் சுற்றும் ஃபேன் மோட்டாருக்குப் பொருந்தும். கனமான சுமையோடு நிமிடத்துக்குச் சில சுற்று மட்டும் சுற்றும் கன்வேயர் டிரம்முக்கு அது போடும் படலம் போதாது. அங்கே 100-ஐ ஒட்டிய விஸ்காசிட்டி உள்ள பி.ஏ.ஓ. கிரீஸ் பாருங்கள். கியர் மோட்டாருக்குப் பின்னால் டார்க் தாராளமாக இருப்பதால் அந்தத் தடிமன் இடைஞ்சல் ஆகாது.

டேட்டா ஷீட் கையில் இல்லையா? ஒரு பழைய, நல்ல பேரிங் ஜோடியை எடுத்துக் கழுவி, காயவைத்து, ஒன்றில் இப்போதைய கிரீஸ், மற்றதில் புதியது, இரண்டிலும் எடை பார்த்து ஒரே அளவு தடவுங்கள். அடையாளச் சீட்டு கட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரீசருக்குள் சரக்குக்குத் தொலைவாக ஒரு இரவு விடுங்கள். காலையில் உள்ளேயே நின்று விரலால் சுற்றிப் பாருங்கள். வெளியே எடுத்து வந்தால் சில நிமிடத்தில் சூடேறி வித்தியாசம் போய்விடும். பர்ச்சேஸ் மேனேஜரையும் ஒருமுறை உள்ளே அழைத்துப்போய் சுற்றச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஸ்டார்ட்டில் கீச் சத்தம், கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது

குண்டுகள் உருளாமல் சறுக்குகின்றன. கிரீஸ் கெட்டியாகி, சுமையும் குறைவாக இருக்கும்போது, ரேஸ் சுற்றும் வேகத்துக்குக் குண்டுகளால் ஈடுகொடுக்க முடியாது. கேஜும் (குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் சட்டம்) அதிர்ந்து கீச்சிடும். சில நிமிடத்தில் அடங்கினால் அவசரம் இல்லை. தினமும் இருபது முப்பது நிமிடம் கத்துகிறது என்றால் ரேஸில் சறுக்கல் தேய்மானம் விழ ஆரம்பித்திருக்கும்.

கிரீஸ் வகை சரியாக இருந்தும் கத்தினால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அளவு. பேரிங்கின் காலி இடத்தில் 30 முதல் 50 சதவீதம் போதும். முழுக்க அடைத்தால் குளிரில் அத்தனையையும் குண்டுகள் கடைய வேண்டியிருக்கும். இரண்டு, வேவ் வாஷர். மோட்டாரின் பேரிங் ஹவுசிங்கில் அலை அலையான ஒரு ஸ்பிரிங் வாஷர் இருக்கும். குண்டுகள் சறுக்காமல் இருக்கத் தேவையான சின்ன அழுத்தத்தைக் கொடுப்பது அதுதான். ரீவைண்டிங் போய்வந்த மோட்டாரில் இது காணாமல் போவது சகஜம். கிரீஸை மாற்றி மாற்றிப் போட்டும் சத்தம் தீரவில்லை என்றால், அந்த மோட்டார் கடைசியாக எப்போது ரீவைண்டிங் போனது என்று விசாரியுங்கள்.

சூடேறிய பிறகும் சத்தம் அடங்காமல் ஒரே சீராக ஊளையிட்டால் கிரீஸ் பிரச்சினை தாண்டிவிட்டது. பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். வி.எஃப்.டி.யில் ஓடும் மோட்டார் என்றால் கழற்றிய பேரிங்கை அறுத்து ரேஸைப் பாருங்கள். குறுக்கே வரிசையாகக் கோடுகள் இருந்தால் ஷாஃப்ட் வழியாகக் கரண்ட் பாய்ந்திருக்கிறது. எர்த்திங்கையும் கேபிளையும் கவனிக்காமல் எத்தனை பேரிங் போட்டாலும் அதே கதைதான்.

டிஃப்ராஸ்ட்டுக்குப் பின்தான் தகராறு

நம் ஊர் ஃப்ரீசர்களில் பேரிங்கைக் கொல்வதில் கிரீஸ் வகைக்கு அடுத்து வருவது தண்ணீர். வறண்ட குளிர் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. கடலோரத்தில் கதவு ஒருமுறை திறந்தால் உள்ளே பாய்வது நீராவி நிறைந்த காற்று.

மோட்டார் ஓடும்போது சூடாக இருக்கும். நின்றதும் குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெளிக் காற்றை சீல் வழியாக உள்ளே இழுக்கும். டிஃப்ராஸ்ட் நேரத்தில் சுற்றிலும் இருப்பது ஈரக் காற்று. அது உள்ளே போய் நீராகி, கிரீஸில் கலந்து, அடுத்த குளிர்விப்பில் உறைகிறது. காலையில் ‘டக்’கென்று விடும் பேரிங் இப்படித்தான் உருவாகிறது.

கிரீஸை விரலில் எடுத்துப் பாருங்கள். மோர் நிறமாக வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் கிரீஸை முழுதும் கழுவி எடுத்து, ரேஸில் துரு இல்லை என்றால் புதிதாகப் போடுங்கள். துருப்புள்ளி ஒன்று இருந்தாலும் பேரிங்கை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். மோட்டாரில் ஸ்பேஸ் ஹீட்டர் இருந்தால், மோட்டார் நிற்கும்போது அது ஆன் ஆகும் இன்டர்லாக் வேலை செய்கிறதா? டிரெய்ன் ஓட்டை மோட்டாரின் கீழ்ப்பக்கமாக இருக்கிறதா, அல்லது திருப்பி மாட்டியதில் பக்கவாட்டுக்குப் போய்விட்டதா? டிஃப்ராஸ்ட் முடிந்ததும் நீர் வடிய நேரம் கொடுத்துவிட்டு ஃபேன் ஸ்டார்ட் ஆகிறதா, அல்லது நீர் சொட்டச் சொட்ட ஸ்டார்ட் ஆகி எல்லாவற்றையும் மோட்டார் மேல் வாரி இறைக்கிறதா? கடைசியாகச் சொன்னது டைமரில் சில நிமிட மாற்றம்தான், செலவே கிடையாது.

கழுவும் நாளிலும் இதேதான். ஹோஸ் பைப்பை சீல் மேல் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று கழுவும் அக்காமாரிடம் காரணத்தோடு சொல்லுங்கள், சொன்னால் கேட்பார்கள். கழுவி முடித்ததும் உடனே குளிர்விக்காமல், பெல்ட்டையும் ஃபேனையும் காலியாக ஓட்டி உலரவிட்டு, அதன் பிறகு டெம்பரேச்சரை இறக்குங்கள்.

மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுக்கும்போதும் கவனம் வேண்டும். மைனஸ் 40 இரும்பு நம் ஊர்க் காற்றைத் தொட்டதும் தாரையாக வேர்க்கும். உள்ளேயே வைத்து பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டி, பிறகு வெளியே கொண்டுவந்து, வெளி வெப்பத்துக்கு வரும்வரை அவிழ்க்காதீர்கள். வேர்வை பாலிதீன் மேலேயே நிற்கும்.

புதுப் பேரிங் போட்டும் சீக்கிரமே போகிறது

கடையில் வாங்கிய இசட்.இசட். (இருபக்கமும் இரும்பு மூடி போட்ட) பேரிங்கை அப்படியே மாட்டினீர்களா? அதற்குள் கம்பெனி அடைத்து அனுப்பும் பொதுக் கிரீஸ் பெரும்பாலும் மைனஸ் 30-க்கு மேலான உபயோகத்துக்கு. கிரீஸின் பின்குறியைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், எஸ்.கே.எஃப்.பில் எல்.டி., எல்.எச்.டி. 23 என்று வருபவை மைனஸ் 50 வரைக்கானவை. நைட்ரைல் ரப்பர் சீல் மைனஸ் 40 வரை தாங்கும். சூட்டுக்கு நல்லது என்று யாராவது வைட்டான் சீல் கொடுத்தால் வாங்காதீர்கள்; மைனஸ் 20-ஐ ஒட்டியே அது விறைத்துவிடும். பாலிஅமைடு கேஜுக்கும் மைனஸ் 40-தான் எல்லை. அதற்குக் கீழே இரும்புக் கேஜ் கேளுங்கள்.

அடுத்தது கிளியரன்ஸ், அதாவது குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே விட்ட இடைவெளி. ஸ்டார்ட் ஆனதும் ரோட்டர் பக்கம் சூடேறி உள்வளையம் விரிகிறது. வெளிவளையம் குளிரில் சுருங்கியே இருக்கிறது. நடுவில் குண்டுகளுக்கான இடம் குறைகிறது. மோட்டாரின் எண்ட் கவர் அலுமினியம் என்றால் நிலைமை மோசம். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 6308 பேரிங்கின் வெளிவிட்டம் 90 மி.மீ. 25 டிகிரியிலிருந்து மைனஸ் 40-க்கு இறங்கும்போது, அலுமினிய ஹவுசிங் அந்த பேரிங்கைவிடக் கூடுதலாக 0.06 மி.மீ. சுருங்குகிறது. அத்தனையும் பேரிங்குக்குள் இறங்காது. ஃபிட்டின் தளர்வும் ஹவுசிங்கின் நெகிழ்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதே பேரிங்கின் சாதாரணக் கிளியரன்ஸ் 0.006 முதல் 0.020 மி.மீ. மட்டுமே. சி3 (கூடுதல் கிளியரன்ஸ் வகை) வாங்கினால் 0.015 முதல் 0.033. ஃப்ரீசர் மோட்டாருக்கு ஏன் சி3 என்று ஸ்டோர் கீப்பர் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இங்கே மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கிரீஸ் கன் அடித்தால் ஏறவில்லை

கன்னை உள்ளேயே தொங்கவிட்டிருப்பார்கள். வெளியே வைத்து, வேலைக்கு மட்டும் எடுத்துப்போங்கள். சுவருக்கு வெளியிலிருந்து நீளக் குழாய் வழியாகக் கிரீஸ் போகும் அமைப்பு என்றால், குழாய்க்குள் இருப்பது கெட்டிப்பட்டு நிற்கும். அதற்குப் பார்க்க வேண்டியது டேட்டா ஷீட்டின் ஃப்ளோ பிரஷர். டி.ஐ.என். 51805 சோதனையில் 1400 மில்லிபாருக்குள் எந்த வெப்பம் வரை கிரீஸ் நகர்கிறதோ அதுதான் எல்லை. ஏறவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சீல் பிதுங்கும்.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு: வெளிவிட்டம் மி.மீ. பெருக்கல் அகலம் மி.மீ. பெருக்கல் 0.005. விடை கிராமில். 6308-க்கு 90, 23. சுமார் 10 கிராம். உங்கள் கன் ஒரு அழுத்தத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று பத்துத் தடவை காகிதத்தில் அடித்து ஸ்டோர் தராசில் பார்த்துவிடுங்கள். கிரீஸ் அடிப்பதற்கு நல்ல நேரம், பேரிங் சூடாக ஓடி முடித்த உடனே. குளிர்ந்து நிற்கும் பேரிங்குக்குள் புதுக் கிரீஸ் பரவாது.

கன்வேயர் கியர் மோட்டார் முனகுகிறது

இதில் பேரிங்கைவிட கியர் ஆயில்தான் முதல் குற்றவாளி. வெளியே போடும் 320 கிரேடு மினரல் கியர் ஆயில் மைனஸ் 35-இல் ஓடவே ஓடாது. பல்லும் மேல்பக்கப் பேரிங்கும் காய்ந்தே சுற்றும். பி.ஏ.ஓ. ஆயிலுக்கு மாறுங்கள். வார்ம் கியர் பாக்ஸில் ஏற்கெனவே பாலிகிளைகால் ஆயில் இருக்கலாம். அதோடு மினரலோ பி.ஏ.ஓ.வோ கலக்கக் கூடாது, நேம் பிளேட்டைப் படிக்காமல் டாப் அப் செய்யாதீர்கள். முடிந்தால் கியர் மோட்டாரையே சுவருக்கு வெளியே கொண்டுவந்து ஷாஃப்டை மட்டும் உள்ளே விடுங்கள். புதிய லைன் வாங்கும்போதே இதைக் கேட்டுப் பெற்றால் பல தலைவலிகள் வராது.

ட்ராலிச் சக்கரம் உருளவில்லை

ஒரு நாளில் பலமுறை பேக்கிங் ஹாலுக்கும் ஃப்ரீசருக்கும் போய்வருவதால் இதற்குத்தான் அதிக வேர்வை. சக்கரம் இறுகினால் தள்ளுபவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டையாகும். அவர்கள் முதுகும் போகும். இங்கே மூடி இல்லாத பேரிங்கும் கிரீஸ் நிப்பிளும் வீண். ஸ்டெயின்லெஸ், 2ஆர்.எஸ். (இருபக்க ரப்பர்) சீல், உள்ளே குளிர் கிரீஸ் அடைத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது

புதுக் கிரீஸைப் பழையதன் மேல் அடித்துவிட்டு மாறிவிட்டோம் என்று இருக்க வேண்டாம். மோட்டார் பேரிங்குகளில் இருப்பது பாலியூரியா கிரீஸாக இருக்கலாம். அதோடு லித்தியம் சேர்ந்தால் இளகி ஒழுகவோ இறுகவோ வாய்ப்பு அதிகம். களிமண் அடிப்படையிலான கிரீஸ் பெரும்பாலானவற்றோடு ஒத்துப்போகாது. முதல் தடவை பேரிங்கையும் ஹவுசிங்கையும் முழுதும் கழுவித் துடைத்து, காயவைத்து, பிறகு போடுங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில், டிரெய்ன் பிளக்கைத் திறந்து வைத்து, மோட்டார் சூடாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, பழைய நிறம் மாறிப் புது நிறம் வெளியே வரும்வரை தள்ளுங்கள். முதல் சில வாரம் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஃப்ரீசர் கிரீஸுக்கென்று தனிக் கன் ஒதுக்கி, கைப்பிடியில் நீல டேப் சுற்றுங்கள். அந்த பேரிங்குகளின் நிப்பிள் பக்கத்திலும் அதே நீலத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மாற்றிய அன்று முதல் ஸ்டார்ட்டின் ஆம்ப்ஸை, அரை மணிக்கான ரீடிங்குகளோடு, அறை வெப்பத்தையும் சேர்த்து லாக் புக்கில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை அந்த ஃபேன் டிரிப் ஆனால் நைட் ஷிஃப்டில் இருப்பவர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான்.